உளூவிலிருந்து தொடங்குவோம்: இயற்கையைப் பேணும் அன்றாட வழிகள்

ஜூன் 5 வந்துவிட்டால் பள்ளிக்கூடங்களிலும் மதரஸாக்களிலும் மரக்கன்று நடும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக நின்று ஒரே கன்றைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஜூன் 6 அன்று அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று கேட்டால் பல இடங்களில் பதில் இருப்பதில்லை.

இயற்கையைப் பேணுவது என்றாலே அதை ஒரு நாள் விழாவாக, அரசாங்கத்தின் வேலையாக, யாரோ சில ஆர்வலர்களின் பொழுதுபோக்காக நாம் பார்க்கப் பழகிவிட்டோம். ஆனால் மார்க்கம் அதை நமது அன்றாட அமல்களுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை நாம் தண்ணீரின் முன் உட்காருகிறோம். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காருகிறோம். பாதையில் நடக்கிறோம். இந்த இடங்களில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் நமக்கும் அல்லாஹ்வின் படைப்புகளுக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது. அதில் முதலாவது, உளூச் செய்யும்போது நாம் திறக்கும் குழாய்.

உரிமையாளரா, பொறுப்பாளரா?

இந்த உலகம் இனிமையானது, பசுமையானது. இதில் அல்லாஹ் உங்களைப் பிரதிநிதிகளாக ஆக்கி, நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பார்க்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. பிரதிநிதி என்பவர் சொத்தின் சொந்தக்காரர் அல்ல. வாடகை வீட்டில் இருப்பவர் சுவரை இடித்துவிட்டு, "நான்தான் வாடகை கொடுக்கிறேனே" என்று சொல்ல முடியாது. "தண்ணீர் வரி கட்டுகிறேன், மோட்டாருக்கு மின்கட்டணம் கட்டுகிறேன், எவ்வளவு செலவழித்தால் உனக்கென்ன?" என்ற பேச்சும் இப்படித்தான். நாம் கட்டுவது குழாய்க்கும் மின்சாரத்துக்குமான கட்டணம். தண்ணீரைப் படைத்தவனுக்கு நாம் விலை எதுவும் கொடுக்கவில்லை. அது அமானிதம்.

பூமியில் ஊர்ந்து செல்பவையும் இறக்கைகளால் பறப்பவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் (6:38) உணர்த்துகிறது. 'உம்மத்' என்று நாம் நம்மைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அதே சொல்லின் பன்மைதான் அந்த வசனத்தில் எறும்புக்கும் காக்கைக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆக, தண்ணீரிலும் நிழலிலும் நிலத்திலும் நமக்கு இருப்பது ஒரு பங்குதான். முழு உரிமை அன்று.

உளூவின் அளவு என்ன?

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவுத் தண்ணீரில் உளூச் செய்வார்கள். ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து 'முத்' வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

'முத்' என்பது நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்துக் குவித்து அள்ளும் அளவு. நான்கு முத் சேர்ந்தால் ஒரு ஸாஉ. ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் ஒரு முத் முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவாக வரும். ஹனஃபீ மத்ஹபின் கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். எந்தக் கணக்கை எடுத்தாலும், இன்று கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குள் அல்லாஹ்வின் தூதருடைய உளூ முடிந்துவிடுகிறது.

"அது அந்தக் காலம். நமக்கு அது பத்தாது" என்று ஒருவர் சொல்லலாம். இந்தப் பேச்சும் புதிதல்ல. ஜாபிர் (ரலி) அவர்களிடம் சிலர் குளிப்பைப் பற்றிக் கேட்டபோது, ஒரு ஸாஉ போதும் என்றார்கள். அங்கிருந்த ஒருவர், எனக்கு அது போதாது என்றார். உம்மைவிட அதிகமான முடி உடையவரும் உம்மைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது என்று ஜாபிர் (ரலி) பதிலளித்தார்கள். அவர்கள் குறிப்பிட்டது நபி (ஸல்) அவர்களை. புகாரீயில் வரும் இந்த நிகழ்வுக்குப் பிறகு, "எனக்குப் பத்தாது" என்று சொல்ல நாக்கு சற்றுத் தயங்கத்தான் செய்யும்.

ஒரு கிராமவாசி வந்து உளூவைப் பற்றிக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் உறுப்புகளை மும்மூன்று முறை கழுவிக் காட்டிவிட்டு, இதைவிட அதிகப்படுத்துபவர் தவறிழைத்துவிட்டார், வரம்பு மீறிவிட்டார் என்று எச்சரித்தார்கள் (நஸாயீ). தூய்மை செய்வதில் வரம்பு மீறும் கூட்டத்தார் இந்தச் சமுதாயத்தில் தோன்றுவார்கள் என்ற முன்னறிவிப்பும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தண்ணீரை அதிகம் ஊற்றுவது பேணுதல் என்று சிலர் நினைக்கிறார்கள். சிலருக்கு "நனைந்ததோ இல்லையோ" என்ற வஸ்வாஸ் வந்து, அதே கையை ஏழெட்டு முறை கழுவுகிறார்கள். மூன்றுக்கு மேல் போவது பேணுதல் அன்று, வரம்பு மீறல் என்பதுதான் ஹதீஸ் சொல்லும் பாடம்.

ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் வீண்விரயம் உண்டு என்று ஸஅத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னுமாஜாவில் வரும் செய்தியை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ்கலை அறிஞர்கள் பலர் குறிப்பிட்டுள்ளனர். ஆனால் கருத்து உறுதியானது. கடற்கரையிலேயே இருந்தாலும் தண்ணீரை வீணாக்குவது தடுக்கப்பட்டது என்பதில் அறிஞர்கள் ஒருமித்திருக்கிறார்கள் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். பள்ளிவாசல் தண்ணீரின் விஷயம் இன்னும் கடுமையானது. உளூச் செய்வோருக்காக வக்ஃபு செய்யப்பட்ட தண்ணீரை, மதரஸாக்களின் தண்ணீர் உட்பட, வீணாக்குவது ஹராம் என்று ஹனஃபீ சட்டநூலான துர்ருல் முக்தார் கூறுகிறது. காரணம் எளியது: அந்தத் தண்ணீர் நம்முடையது அல்ல. உளூவுக்காகக் கொடுக்கப்பட்டதை உளூவுக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே எடுக்க நமக்கு அனுமதி.

ஒரு வாளி வைத்துப் பாருங்கள்

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, வழக்கம்போல உளூச் செய்யுங்கள். முடிந்ததும் வாளியில் சேர்ந்த தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செய்ய வைத்தால், மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது நன்றாகப் பதியும்.

கணக்கு இப்படி வரும். குழாயிலிருந்து நிமிடத்துக்கு 6 லிட்டர் வருகிறது, உளூ முடியும்வரை 2 நிமிடம் குழாய் திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு உளூவுக்கு 12 லிட்டர். ஐந்து வேளைக்கு 60 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 300 லிட்டர். அதே வீட்டில் எல்லோரும் குவளையில் இரண்டு லிட்டர் எடுத்து உளூச் செய்தால், நாள் முழுவதற்கும் 50 லிட்டர் போதும். மிச்சம் 250 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் 16 குடத்துக்கும் மேல்! கோடைக்காலத்தில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்து நிற்கும் நம் தாய்மார்களுக்கு, 16 குடம் என்றால் என்னவென்று தெரியும்.

பள்ளிவாசலுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஜும்ஆவுக்கு 500 பேர் இதே அளவில் உளூச் செய்தால் 6,000 லிட்டர். ஒரு சிறிய தண்ணீர் லாரி முழுவதும்.

செய்ய வேண்டியது கடினமல்ல. குவளையில் அல்லது சிறு வாளியில் எடுத்து உளூச் செய்வது முதல் வழி. குழாயில்தான் என்றால், விரல் அளவுக்கு மட்டும் திறப்பது. கைகளைத் தேய்க்கும்போதும், தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போதும் குழாயை மூடுவது. மிஸ்வாக் செய்தாலும் பல் துலக்கினாலும் வாய் கொப்பளிக்கும்போது மட்டும் திறப்பது. வீட்டில் சொட்டும் குழாயைப் பார்த்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாமல் அன்றைக்கே வாஷரை மாற்றிவிடுவது.

ஹவுள் கற்றுத் தந்த பாடம்

நமது பழைய பள்ளிவாசல்களில் ஹவுள் இருக்கும். சுற்றிலும் கல்திண்ணை, உட்கார்ந்து, கையால் அள்ளி உளூச் செய்வார்கள். சில ஹவுள்களில் மீன்கள்கூட நீந்தும். அதிகமான தண்ணீர், நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை, அசுத்தம் விழுந்ததாலேயே அசுத்தமாகிவிடாது என்ற சட்டம்தான் ஹவுளின் அடிப்படை. ஷாஃபிஈ மத்ஹபில் அந்த அதிகமான அளவு 'குல்லத்தைன்', அதாவது ஏறத்தாழ 200 லிட்டர். ஹனஃபீ மத்ஹபில் பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்பு. கையால் அள்ளும்போது தேவைக்கு மேல் எடுக்க வழியில்லை. அள்ளியது முடிந்தால்தான் அடுத்தது.

குழாய் வந்ததும் வசதியும் சுகாதாரமும் கூடின என்பது உண்மை. எல்லாப் பள்ளிவாசல்களும் ஹவுளுக்கே திரும்ப வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஹவுளில் இருந்த அளவு குழாயில் இல்லை. கையால் அள்ளும் முறை போட்டுக்கொடுத்த அந்த அளவை, இனி நாமேதான் கவனித்துப் பேண வேண்டியிருக்கிறது.

இன்னொரு சட்டத்தையும் இங்கே நினைவூட்டுவது நல்லது. உளூச் செய்து வழிந்த தண்ணீரால் மீண்டும் உளூச் செய்ய முடியாது. ஆனால் அந்தத் தண்ணீர் நஜீஸ் அல்ல. ஷாஃபிஈ மத்ஹபிலும், ஹனஃபீ மத்ஹபில் ஃபத்வா வழங்கப்படும் கருத்திலும் அது தூய்மையானதே. சோப்பும் எண்ணெயும் கலக்காத அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதற்குப் பதிலாக, பள்ளிவாசல் வளாகத்தில் உள்ள மரங்களுக்கோ தென்னைக்கோ திருப்பிவிடலாம். சல்லியும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழி ஒன்றை அமைத்து நிலத்துக்குள் இறக்கலாம். கழிப்பறைத் தண்ணீர் அதில் கலக்காமல் தனிக் குழாய் வைப்பது மட்டும் முக்கியம். ஒரு பிளம்பரும் இரண்டு நாள் வேலையும் போதும். வீட்டிலும் உளூச் செய்யும் இடத்துத் தண்ணீரை ஒரு வாழைக்கோ முருங்கைக்கோ போகவிடலாம்.

தண்ணீர் உப்பாகிவிட்டால்?

உங்கள் தண்ணீர் பூமிக்குள் ஆழ்ந்து போய்விட்டால், ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவன் யார் என்று சூரா அல்முல்க் தனது கடைசி வசனத்தில் (67:30) நம்மைக் கேட்கிறது. இந்த சூராவை இரவு தூங்குமுன் ஓதும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நீங்கள் குடிக்கும் நீரை மேகத்திலிருந்து இறக்கியது நீங்களா, நாமா என்று கேட்டுவிட்டு, நாம் நாடினால் அதைக் கைப்பான உப்பு நீராக ஆக்கிவிடுவோம் என்று சூரா அல்வாகிஆ (56:68-70) எச்சரிக்கிறது.

இந்த இரண்டு எச்சரிக்கைகளும் தமிழகக் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு வெறும் உவமை அல்ல. நம் மக்கள் நெடுங்காலமாக வாழும் பல ஊர்கள் கடலை ஒட்டியவை. இந்த ஊர்களின் மணலில் இறங்கும் மழைநீர், கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால், நிலத்தடியில் உப்புநீரின் மேல் ஒரு மெத்தைபோல மிதந்து நிற்கிறது. கிணற்றில் நாம் இறைப்பது அந்த மெத்தையிலிருந்துதான். நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலுள்ள உப்புநீரின் எல்லை ஏறத்தாழ 40 அடி மேலே ஏறிவர இடமுண்டு என்பது நிலத்தடி நீர் அறிவியலில் தெரிந்த கணக்கு. கிணறு இருந்த இடத்தில் ஆழ்துளைக் கிணறும், கயிறு இருந்த இடத்தில் மோட்டாரும் வந்து, இறைப்பது கூடி, மழைநீர் இறங்க இடமில்லாமல் முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசிவிட்டால், ஒருநாள் குழாயில் உப்புத் தண்ணீர் வரும். அதை மீண்டும் நன்னீராக்கப் பல மழைக்காலங்கள் தேவைப்படும்.

பெருநகரமும் தப்பவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தோம்.

இங்கே பக்கத்து வீட்டாரின் ஹக்கும் அடங்கியிருக்கிறது. நிலத்தடி நீருக்கு மதில் கிடையாது. நம் மோட்டார் மேல்தொட்டி நிரம்பி வழிந்து கொண்டிருக்கும்போது, நாம் வீணாக்குவது பக்கத்து வீட்டு விதவையின் கிணற்றுத் தண்ணீராகவும் இருக்கலாம். மேல்தொட்டிக்கு ஒரு மிதவை வால்வு போடுவதும், முற்றத்தில் கொஞ்சம் மண்ணை மண்ணாகவே விட்டுவைப்பதும், மாடியில் விழும் மழையைக் கிணற்றுக்குள் இறக்குவதும் அண்டை வீட்டாருக்குச் செய்யும் உபகாரம். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்று அடைத்துக் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை அவற்றைத் திறந்து, மணலை மாற்றி, சுத்தம் செய்யுங்கள்.

தன் தாயார் மறைந்தபின் அவர்களுக்காகச் செய்யும் தர்மத்தில் எது சிறந்தது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) கேட்டபோது, தண்ணீர் என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அவர் ஒரு கிணறு தோண்டினார் (அபூதாவூத்). மதீனாவில் 'ரூமா' கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தவர்கள் உஸ்மான் (ரலி). புதிதாகக் கிணறு தோண்ட வசதியில்லாதவர், இருக்கும் ஊர்க்குளத்தின் வரத்து வாய்க்காலை நான்கு பேருடன் சேர்ந்து தூர்வாரலாம். அதுவும் தண்ணீர் தர்மத்தில் சேரும் என்று எதிர்பார்க்கலாம்.

மரம்: நடுவதும் விட்டுவைப்பதும்

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மம் என்ற நபிமொழி (புகாரீ, முஸ்லிம்) எல்லோரும் அறிந்தது. காக்கை கொத்திய மாம்பழத்தைப் பார்த்து வருத்தப்படும் நமக்கு இது பெரிய ஆறுதல். அது நமது கணக்கில் வரவு.

மரத்தை விட்டுவைப்பது பற்றிய செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இலந்தை மரத்தை வெட்டுபவரைக் கடுமையாக எச்சரிக்கும் ஹதீஸ் ஒன்று அபூதாவூதில் வருகிறது. அதன் பொருளை இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களிடமே கேட்டபோது, வழிப்போக்கர்களும் விலங்குகளும் நிழல்பெறும் பாலைவெளி மரத்தை, எந்த உரிமையும் இன்றி வீணாக அநியாயமாக வெட்டுபவரைப் பற்றியது என்று விளக்கினார்கள். நிழலில் நிற்பவர்களின் உரிமை அந்த எச்சரிக்கையின் மையம். தெருமுனையில் இருக்கும் வேம்பை, "இலை கொட்டுகிறது" என்று சொல்லி வெட்டுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நிழலில் ஆட்டோ ஓட்டுநரும், பூ விற்கும் அம்மாவும், ஆடும் நாயும் நிற்கிறார்கள்.

நடுவதென்றால் நம் மண்ணுக்குரியதை நடுவோம். வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் ஆகியவை ஒருமுறை வேர்பிடித்துவிட்டால் அதிகம் கேட்பதில்லை. மாடி வீட்டில் இருப்பவர்கள் தொட்டியில் மருதாணியும் கறிவேப்பிலையும் வைக்கலாம். ராமநாதபுரம் போன்ற வறண்ட பகுதிகளில் சீமைக் கருவேலம் அடர்ந்து கிடக்கும் மையவாடிகள் உண்டு. ஜமாஅத்தார் அதை அகற்றும்போது, கப்ருகளுக்குப் பாதிப்பு வராமல் மதில் ஓரமாக நிழல் மரங்களை வைத்தால், ஜனாஸாவோடு வருபவர்களுக்கு நிழலாகும், பறவைகளுக்கு வீடாகும். ஒரு கன்றுக்கு ஒரு குடும்பம் என்று இரண்டு கோடைக்குப் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கன்று பிழைப்பதும் பிழைக்காததும் அந்த இரண்டு கோடைகளில்தான் இருக்கிறது.

நம்மைப் போன்ற சமுதாயங்கள்

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் எடுத்துவந்து புகட்டியவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான். பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவைத்த பெண் தண்டிக்கப்பட்டாள். இரண்டும் புகாரீயில் உள்ளவை. இரண்டிலும் செய்யப்பட்ட செயல் சிறியது, விளைவு மிகப் பெரியது.

எறும்பு கடித்ததால் ஒரு நபி எறும்புப் புற்றையே எரிக்கச் சொன்ன செய்தியும் புகாரீ, முஸ்லிமில் வருகிறது. ஓர் எறும்பு கடித்ததற்காக, அல்லாஹ்வைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே எரித்துவிட்டீரே என்று அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. தீங்கு தருவதைத் தேவைக்கேற்ப அகற்ற மார்க்கம் தடை செய்யவில்லை. ஆனால் தீயிட்டுக் கொல்வதும், ஒன்றுக்காக அனைத்தையும் அழிப்பதும் நம் வழியல்ல. இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டதால் தாய்ப்பறவை பதறிப் பறந்ததைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு உத்தரவிட்டதையும் அபூதாவூதில் பார்க்கிறோம்.

பங்குனி தொடங்கியதும் மாடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். கொசு முட்டையிடாதபடி தினமும் மாற்றுங்கள். அந்தப் பொறுப்பை வீட்டின் சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள். கவணால் குருவி அடிக்கும் பிள்ளையைத் திட்டுவதைவிட இது நல்ல தர்பியத்.

தட்டும் தெருவும்

உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது குர்ஆனின் (7:31) கட்டளை. கீழே விழுந்த கவளத்தை எடுத்து, அழுக்கை நீக்கிச் சாப்பிடச் சொன்னது நபிவழி. காயல்பட்டினம், கீழக்கரை பக்கங்களில் ஒரு சஹனைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தில் இந்த ஒழுக்கம் இயல்பாகவே இருக்கிறது. ஒருவர் மிச்சம் வைத்ததை அடுத்தவர் முடித்துவிடுவார். பெரிய மண்டபங்களின் வலிமா விருந்தில் ஆளுக்கொரு தட்டில் குவித்து வைக்கும்போது, பாதி பிரியாணி குப்பைத்தொட்டிக்குப் போகிறது. முதலில் குறைவாக வைத்து, கேட்பவருக்கு மீண்டும் வைக்கச் சொன்னாலே பெருமளவு மிஞ்சும். மிஞ்சிய தேக்சாவை எடுத்துச் செல்ல ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சமையலுக்குச் சொல்ல வேண்டும்.

நோன்புக் கஞ்சிக்கு வீட்டிலிருந்து தூக்குவாளி எடுத்துவந்த பழக்கத்தை மீண்டும் கொண்டுவருவது நல்லது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளை, பை, தாள் போன்றவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சட்டத்துக்காக மட்டுமல்ல, பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளை என்றால், தொல்லை தருவதைப் பாதையில் போடுவது என்ன என்பதை நாமே முடிவுசெய்துகொள்ளலாம். நீர்நிலையிலும் நடைபாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. மக்கள் கூடும் இந்த மூன்று இடங்களும் இன்றைக்கும் மாறவில்லை.

குர்பானி நாட்களில் இது இன்னும் முக்கியம். கத்தியைக் கூர்மையாக்கி, பிராணிக்கு வேதனை குறைக்கச் சொன்ன மார்க்கம் அது. அறுத்தபின் குடலையும் இரத்தத்தையும் சாக்கடையிலோ குளத்தோரத்திலோ விட்டுவிட்டு வந்தால், நம் இபாதத்தைப் பிற சமய அண்டை வீட்டார் துர்நாற்றமாகவே நினைவில் வைத்துக்கொள்வார்கள். அறுக்கும் இடத்தில் முதல்நாளே ஆழமாகக் குழி வெட்டிவிடுங்கள். அதே நாளில் மூடிவிடுங்கள்.

"நாம் ஒருவர் செய்து என்ன ஆகிவிடும்?"

ஆலைகள் ஆற்றைக் கெடுக்கும்போது, நாம் ஒரு குவளைத் தண்ணீரை மிச்சப்படுத்தி என்ன பயன் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆலையின் கழிவைத் தட்டிக்கேட்பதும், ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி மனு கொடுப்பதும் நம் கடமைதான். ஒன்றைச் செய்தால் மற்றதை விட்டுவிடலாம் என்பதில்லை. கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள் (அஹ்மத்). அந்த மரத்தின் கனியை யார் சாப்பிடப்போகிறார்கள்? யாருமில்லை. ஆனாலும் நடச் சொன்னார்கள். விளைவு அல்லாஹ்வின் கையில். நம்மிடம் கேட்கப்படுவது நம் கையில் இருந்ததைப் பற்றித்தான்.

'ஷரீஅத்' என்ற சொல்லுக்கு அரபு மொழியில் தண்ணீர்த் துறைக்குச் செல்லும் பாதை என்ற பொருளும் உண்டு. தண்ணீரின் பெயரைத் தாங்கிய மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், தண்ணீரை மதிப்பதில் முன்னால் நிற்க வேண்டியவர்கள்.

இந்த வாரம் மூன்றே காரியங்களைச் செய்வோம். வீட்டில் வாளி வைத்து உளூத் தண்ணீரை அளந்து பார்ப்போம். சொட்டும் குழாய் ஒன்றையாவது சரிசெய்வோம். உளூத் தண்ணீர் எங்கே போகிறது என்று நமது பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் மரியாதையோடு கேட்டு, அதை மரத்துக்கோ மண்ணுக்கோ திருப்ப நம்மால் ஆன உதவியைச் சொல்வோம். ஜும்ஆ உரை நிகழ்த்தும் ஆலிம்கள் 'முத்' ஹதீஸை ஒருமுறை மிம்பரில் விளக்கினால் இன்னும் நலம்.

நமக்கு அருளப்பட்ட தண்ணீருக்கும் நிழலுக்கும் உணவுக்கும் நன்றி செலுத்துபவர்களாகவும், அவற்றை நம் பிள்ளைகளுக்குக் குறையாமல் ஒப்படைப்பவர்களாகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.